கலை வரலாறும் திரைப்பட ஆய்வும் சேர்ந்த முனைவர் பட்டம்: எந்தத் துறையின் வாசலில் நிற்பது?

காடாத்துணி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஓவியத்தில் முதுகலைப் பட்டம் முடித்து ஓராண்டு ஆகிறது. என் தந்தை மதுரையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் திரையரங்குகளுக்கு பேனர் வரைந்தவர். படக் கம்பெனியிலிருந்து வரும் ஸ்டில்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, அதே கட்டங்களை வெள்ளை பூசிய காடாத்துணியின் மேல் சாயம் தடவிய நூலால் பெரிதாக அடித்து, உள்ளங்கை அளவு முகத்தை இருபது அடி உயரத்துக்கு ஏற்றிவிடுவார். அருகில் நின்று பார்த்தால் கன்னத்தில் பச்சை, நெற்றியில் நீலம், மூக்கின் ஓரத்தில் ரோஸ் என்று தனித்தனிப் பட்டைகள்தாம் தெரியும். சாலையின் எதிர்ப்புறம் போய் நின்றால்தான் அவை ஒரு நடிகரின் முகமாகத் திரளும். படம் மாறியதும் அதே துணியின் மேல் வெள்ளை அடித்து அடுத்த படத்தை வரைவார்கள். ஃப்ளெக்ஸ் வந்தபின் அந்த வேலை நின்றுபோனது. இப்போது அவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறார்.

இந்தப் பேனர்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறேன். என் கல்லூரியில் கலை வரலாறு என்றால் அஜந்தா, மாமல்லபுரம், முகலாயச் சிற்றோவியம், ஐரோப்பிய மறுமலர்ச்சி, ரவிவர்மா, வங்காள ஓவியர்கள், சோழமண்டலம் கலைஞர் கிராமம் என்று ஒரு வரிசை இருந்தது. பேனர் அதில் எங்கும் வரவில்லை. தமிழ்த் திரைப்படம் குறித்து நான் படித்த நூல்களோ கதையையும் அரசியலையும் நட்சத்திரங்களையும் விரிவாகப் பேசிவிட்டு, திரையரங்கின் முகப்பில் நின்ற ஓவியத்தை ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன. கலை வரலாறு கற்பிக்கும் ஓர் ஆசிரியரிடம் என் எண்ணத்தைச் சொன்னபோது, இது இதழியல் துறைக்குரியது என்றார். இதழியல் துறையில் கேட்டபோது, நுண்கலைக் கல்லூரிக்குப் போகச் சொன்னார்கள்.

இரண்டையும் சேர்த்துப் படிக்க இந்தியாவில் இடம் உண்டா? கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் எந்தத் தாளை எழுதுவது? முடித்தபின் என்னை எந்தத் துறை ஆசிரியராக ஏற்கும்? வீட்டில் அடுத்த பிள்ளையின் படிப்புச் செலவும் இருப்பதால், உதவித்தொகை இல்லாமல் என்னால் நான்கைந்து ஆண்டுகள் படிக்க இயலாது என்பதையும் கருத்தில் கொண்டு வழிகாட்ட வேண்டுகிறேன்.

---

கல்லச்சு எழுதியது:

அன்புள்ள தங்கைக்கு, நீங்கள் கேட்ட கேள்வியோடு நானும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறேன். என் முனைவர் பட்டம் கலை வரலாற்றில்; இன்று நான் கற்பிக்கும் நேரத்தில் பாதி திரைப்படத்துக்குப் போகிறது. ஒரு நேர்காணலில், நீங்கள் ஓவியத்தின் ஆளா, சினிமாவின் ஆளா என்று முடிவு செய்துவிட்டு வாருங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அன்று என்னிடம் பதில் இல்லை. இன்று இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இவ்விரண்டு துறைகளும் பிறப்பிலேயே அந்நியமானவை அல்ல. கலை வரலாற்று வகுப்பு என்பதே இருட்டறையில் ஒளிப்படத்தைச் சுவரில் வீழ்த்திப் பார்க்கும் பழக்கத்தில் வளர்ந்தது. 1901இல் பெர்லினில் பேராசிரியரான ஹைன்ரிச் வொல்ஃப்லின் இரண்டு கண்ணாடி ஸ்லைடுகளைச் சுவரில் அருகருகே வீழ்த்தி ஒப்பிட்டுக் காட்டிய முறையைத்தான் நாம் இன்றும் இரட்டைப் படங்களாக வகுப்பில் காட்டுகிறோம். ஜெர்மானியக் கலை வரலாற்றாளர் ஏபி வார்பர்க் தம் இறுதி ஆண்டுகளில் கறுப்புத் துணி போர்த்திய பலகைகளில் படங்களைக் குத்தி, இடம் மாற்றி, மறுபடியும் குத்தி ஒரு படத்தொகுப்பை உருவாக்கினார். 1929இல் அவர் இறந்தபோது அது முற்றுப்பெறாமல் 63 பலகைகளோடு நின்றது. அவற்றில் மறுமலர்ச்சி ஓவியங்களோடு அஞ்சல்தலையும் விளம்பரமும் செய்தித்தாள் படமும் இருக்கின்றன. பேனர் கலை வரலாற்றுக்குள் வராது என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பலகைகள்தாம். எர்வின் பனோஃப்ஸ்கி திரைப்படத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 1936இல் முதலில் வெளிவந்து, 1947இல் விரிந்த வடிவம் பெற்றது. அதற்குப் பின்னணியாக இருந்தது நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1935இல் தொடங்கிய திரைப்பட நூலகம். ஓவியத்தைச் சேகரிக்கும் ஒரு நிறுவனம் படச்சுருளையும் சேகரிக்கத் துணிந்ததைக் கலை வரலாற்றாளரான பனோஃப்ஸ்கி முன்வந்து ஆதரித்தார்.

நம் நாட்டில் இந்த உறவு இன்னும் நெருக்கமானது. இந்தியத் திரைப்பட முன்னோடி பால்கே பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியிலும் பரோடாவின் கலாபவனிலும் பயின்றவர். ரவிவர்மாவின் அச்சகத்துக்காகக் கல்லச்சு வேலை செய்தவர். 1913இல் அவருடைய முதல் படம் வெளிவந்தபோது, கடவுளர் எப்படி நிற்க வேண்டும், எந்தக் கோணத்தில் பார்ப்பவரை நோக்க வேண்டும் என்பதை அச்சுப் படங்கள் அவருக்கு முன்பே கற்பித்திருந்தன. கோலாப்பூரின் பாபுராவ் பெயிண்டர் நாடகத் திரைச்சீலை வரைந்த கையோடு படம் இயக்க வந்தவர். எம்.எஃப். ஹுசைன் 1930களில் பம்பாயில் சினிமா ஹோர்டிங் வரைந்து பிழைத்தவர்; 1967இல் அவர் எடுத்த குறும்படம் பெர்லின் விழாவில் தங்கக் கரடி பெற்றது. உங்கள் தந்தையின் தொழிலுக்கும் இந்திய நவீன ஓவியத்துக்கும் இடையே அத்தனை தொலைவு இல்லை.

இனி, நான் நெடுநாள் கழித்துக் கற்ற பாடம். இரண்டு துறைகளைச் சேர்க்கிறேன் என்று தொடங்கினால் இரண்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்த ஆய்வேடுதான் வரும். ஒரு துறையின் கருவிகளால் மட்டும் திறக்கவே முடியாத ஒரு பொருளைக் கையில் எடுத்தால், மற்றத் துறையை நாம் அழைக்க வேண்டியதில்லை. அது தானே வந்துவிடும். என் ஆய்வுப் பொருள் பழைய புராணப் படங்களில் வரும் வரைந்த பின்திரைகள். ஒரு காட்சியைப் படச்சுருள் பார்க்கும் மேசையில் மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, முனிவரின் பின்னால் இருந்த இமயமலை ஒரு கணம் அசைந்தது. யாரோ பின்புறமாக நடந்ததில் திரைச்சீலையில் காற்று பட்டிருக்கிறது. ஓவியத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்த அசைவு கிடைக்காது, ஏனெனில் அது காலத்தில் நிகழ்வது. கதையை மட்டும் பார்ப்பவருக்கு அது பிழை. நாடகக் குழுக்களின் திரைச்சீலை ஸ்டுடியோவுக்குள் எப்படி இடம்பெயர்ந்தது, எப்போது மரமும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் சேர்ந்த செட் அதை வெளியேற்றியது என்ற என் மொத்தக் கேள்வியும் அந்த அசைவிலிருந்துதான் பிறந்தது.

உங்கள் பேனரும் அத்தகைய பொருளே. ஸ்டில் என்பது படத்திலிருந்து எடுத்த சட்டகம் அன்று; படப்பிடிப்பின்போது ஸ்டில் போட்டோகிராபர் தனியாக எடுப்பது. அந்தப் படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கும் ஓவியர் எந்த முகத்தைப் பெரிதாக வைக்கிறார், எந்த உணர்ச்சியை மிகைப்படுத்துகிறார், எதை விட்டுவிடுகிறார் என்று கேட்கும்போதே நீங்கள் இரண்டு துறைகளிலும் நின்றுவிடுகிறீர்கள். சென்னையின் பேனர்களையும் கட்-அவுட்களையும் பற்றிக் கலை வரலாற்றாளர் பிரமிந்தா ஜேக்கப் எழுதிய நூல் 2009இல் வந்துவிட்டது. சிவகாசி காலண்டர் படங்களைப் பற்றிய கஜ்ரி ஜெயினின் நூல் 2007இல் வந்தது. இவற்றை முழுமையாகப் படித்து, அவை தொடாத இடம் எது என்று உங்களால் ஒரு பக்கத்தில் எழுத முடிந்தால் உங்கள் ஆய்வுத் திட்டத்தில் பாதி முடிந்தது. இரண்டாம் நிலை நகரங்களின் பட்டறைகள் அத்தகைய ஓர் இடமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

இடம் பற்றி: டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் கலை மற்றும் அழகியல் புலத்தில் காட்சிக்கலை ஆய்வு, சினிமா ஆய்வு, நாடகமும் நிகழ்த்துகலையும் ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் உள்ளன. நீங்கள் எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் அடுத்த பிரிவின் ஆசிரியர் நடந்து செல்லும் தொலைவில் இருப்பார். பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகம் கலை வரலாற்றுக்கும், கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் திரைப்பட ஆய்வுக்கும் நெடுநாள் பெயர் பெற்றவை.

நெட் தேர்வில் திரைப்பட ஆய்வுக்கென்று தனித் தாள் இல்லை. காட்சிக்கலைத் தாளில் கலை வரலாறு அடங்கும்; திரைப்படம் பெரும்பாலும் இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியல் தாளில் வரும். உங்கள் முதுகலை ஓவியத்தில் என்பதால் காட்சிக்கலைத் தாளே பொருந்தும். 2024 ஜூன் முதல் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் நெட் மதிப்பெண்ணைப் பயன்படுத்துகிறார்கள். சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறுவோரின் மதிப்பெண் ஓராண்டுக்கே செல்லும் என்பதால், திட்டக் கட்டுரையை எழுதி முடித்துவிட்டுத் தேர்வுக்கு அமருங்கள். ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். உங்கள் குடும்பச் சூழலுக்கு நான் வேறெதையும்விட அதைத்தான் முதலில் குறிவைக்கச் சொல்வேன்.

---

பெட்டகம் எழுதியது:

கல்லச்சு அம்மா எழுதியதோடு பெரிதும் உடன்படுகிறேன். நான் ஆசிரியன் அல்லன். ஆவணக் காப்பகத்தில் அச்சுப் பொருள்களைப் பட்டியலிடும் வேலையில் இருப்பவன். அந்த இடத்திலிருந்து பார்க்கும்போது இந்தக் கேள்வி இன்னொரு விதமாகத் தெரிகிறது.

முதல் தமிழ்ப் பேசும் படம் என்று நாம் சொல்லும் 1931ஆம் ஆண்டின் ‘காளிதாஸ்’ படத்துக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. தென்னிந்தியாவில் எடுத்த மௌனப் படங்களில் கிட்டத்தட்ட அனைத்தும் அழிந்துவிட்டன. அப்படியானால் அந்தக் காலத்துத் திரைப்பட வரலாற்றை எழுதுபவர் எதைப் பார்த்து எழுதுகிறார்? பாட்டுப் புத்தகத்தின் அட்டை, துண்டு நோட்டீஸ், பத்திரிகை விளம்பரம், ஸ்டில், சுவரொட்டி. இவை அனைத்தும் காகிதமும் மையும். இவற்றைப் படிக்கத் தெரிந்தவர் கலை வரலாற்றாளர். எந்த அச்சுமுறை, எத்தனை நிறம், படத்தின் ஓரத்தில் பெயர் எழுதிய கை யாருடையது, அதே அச்சு பிளாக்கை இன்னொரு படத்துக்கும் பயன்படுத்தினார்களா என்று கேட்டால், கதைச் சுருக்கத்தில் இல்லாத விவரங்கள் கிடைக்கும். திரைப்பட ஆய்வு மட்டும் பயின்று வரும் மாணவர்கள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பாடல் வரியைக் குறித்துக்கொண்டு மூடிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அட்டையின் பின்பக்கத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். அதைக் கேட்பவர் அரிது.

எனவே எந்தத் துறையில் சேர்ந்தாலும், சேர்வதற்கு முன்பே சில மாதங்கள் மூலங்களோடு இருங்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உள்ளது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் திரட்டிய புத்தகங்களையும் நோட்டீஸ்களையும் அடித்தளமாகக் கொண்டு 1994இல் உருவானது. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964 முதல் இருக்கிறது. படச்சுருளோடு போஸ்டர்களும் பாட்டுப் புத்தகங்களும் ஸ்டில்களும் அங்கு உள்ளன.

உங்கள் பொருளுக்கு இதைவிட அவசரமான ஒரு வேலை இருக்கிறது. பேனர் துணி மறுபடி மறுபடி வெள்ளை அடிக்கப்பட்டு, கடைசியில் லாரிக்குத் தார்ப்பாயாகவோ குடிசைக்குக் கூரையாகவோ போய்விட்ட பொருள். எஞ்சியிருப்பது வரைந்தவர்களின் நினைவும், அவர்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் ஸ்டில்களும்தான். உங்கள் தந்தையும் அவருடைய தலைமுறையினரும் இருக்கும்போதே அவர்களைப் பேசவைத்து ஒலிப்பதிவு செய்யுங்கள். நிறத்துக்கு என்ன கலந்தார்கள், வஜ்ஜிரப் பசை எவ்வளவு, ஒரு பேனருக்கு எத்தனை பேர், கூலி எப்படிப் பிரிந்தது, முகத்தை மட்டும் வரையும் மூத்தவர் யார், எழுத்து எழுதுபவர் யார் என்று கேளுங்கள். பட்டறைக்குள்ளேயே ஒரு படிநிலை இருந்திருக்கும். அதை எழுதாமல் நடைமுறை விளங்காது.

பணி பற்றி ஒரு சொல். ஆசிரியப் பணி ஒன்றையே நம்பி இறங்க வேண்டாம். மும்பையில் 2019இல் இந்தியத் திரைப்பட அருங்காட்சியகமும், பெங்களூரில் 2023இல் கலை மற்றும் ஒளிப்பட அருங்காட்சியகமும் திறந்தன. இத்தகைய இடங்களுக்குப் பொருளைக் கையாளவும், பட்டியலிடவும், அதைப் பற்றிப் பொதுமக்களுக்கு எழுதவும் தெரிந்தவர் தேவை. இடங்கள் குறைவு, ஒப்பந்த வேலை மிகுதி என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். பெங்களூரின் இந்தியக் கலை நல்கை நிறுவனம் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பவர்களின் ஆய்வுக்கும் நிதி தருகிறது. இந்திய மொழிகளிலும் விண்ணப்பிக்கலாம்.

---

தூரதேசி எழுதியது:

வணக்கம். அமெரிக்காவில் திரைப்பட ஆய்வில் முனைவர் பட்ட மாணவனாக மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். என் இளங்கலை நுண்கலையில்.

இங்கே இரண்டையும் இணைக்கும் வழி நிறுவனத்திலேயே இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் திரைப்பட ஊடக ஆய்வையும் கலை வரலாற்றையும் இணைத்து ஒரே முனைவர் பட்டமாகப் பெறலாம். ஆதிகால சினிமாவைப் பற்றிய சிந்தனையையே மாற்றியமைத்த டாம் கன்னிங், சிகாகோவில் கலை வரலாற்றுத் துறையிலும் சினிமா ஆய்வுத் துறையிலும் ஒருங்கே பேராசிரியராக இருந்தவர். சேர்க்கை கிடைத்தால் பெரும்பாலான நல்ல துறைகளில் கல்விக் கட்டணம் இல்லை. ஐந்து ஆண்டுகளுக்கு வாழ்க்கைச் செலவுக்கும் பணம் தருவார்கள். பதிலுக்குச் சில பருவங்கள் வகுப்பெடுக்க வேண்டும். அதனால் உதவித்தொகை இல்லாமல் முடியாது என்ற உங்கள் நிலை இங்கு வருவதற்குத் தடையாகாது. தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு துறை ஆண்டுக்கு நான்கைந்து பேரைத்தான் எடுக்கும். விண்ணப்பக் கட்டணமே ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் (கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கோரலாம்; தயங்காமல் கேளுங்கள்).

கல்லச்சு அம்மாவிடம் ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். அவர் காட்சிக்கலைப் பக்கம் உங்களை அனுப்புவது போலத் தெரிகிறது. நான் திரைப்பட ஆய்வுத் துறையில் சேரச் சொல்வேன். கலை வரலாற்றுத் துறைகள் பேனரை ஏற்றாலும், அதை ஓவியம் என்று நிரூபிக்கும் சுமையை உங்கள் மேல் வைக்கும். உங்கள் முதல் இரண்டு அத்தியாயங்கள் அந்த வாதத்திலேயே கரைந்துவிடும். திரைப்பட ஆய்வில் திரையரங்கு, விளம்பரம், பார்வையாளர் ஆகியவை ஏற்கெனவே ஆய்வுப் பொருள்கள். அங்கே நீங்கள் நேராக வேலையைத் தொடங்கலாம்.

---

கல்லச்சு எழுதியது:

தூரதேசித் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தச் சுமையை நானும் தூக்கியிருக்கிறேன். ஆயினும் என் கருத்தை மாற்றிக்கொள்ள இயலவில்லை. இந்தத் தங்கைக்குக் கை பழகியிருக்கிறது. ஈரச் சாயத்தின் மேல் அடுத்த பட்டையை எப்போது இழுக்க வேண்டும் என்று உடம்பால் அறிந்தவர், அந்த அறிவை எழுத்தாக்கும் பயிற்சியைப் பெறக்கூடிய இடம் கலை வரலாறுதான். திரைப்படக் கோட்பாட்டை முப்பது வயதிலும் படித்துக்கொள்ளலாம்; ஒரு படத்தின் முன் இரண்டு மணி நேரம் நின்று, கண்ட ஒவ்வொன்றையும் சொற்களாக்கும் பழக்கம் தொடக்கத்திலேயே ஊறவில்லையென்றால் பிறகு வருவது கடினம். என் மாணவர்களிடம் இதைத்தான் தினமும் காண்கிறேன்.

பணி நியமனத்தில் பட்டத்தின் பெயர் முக்கியம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் இன்ன துறை அல்லது அதைச் சார்ந்த துறை என்று இருக்கும். எது சார்ந்தது என்பதைப் பரிசீலனைக் குழு தீர்மானிக்கும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் திரைப்படம் பெரும்பாலும் விஸ்காம் என்னும் காட்சித் தொடர்பியல் துறைகளில்தான் கற்பிக்கப்படுகிறது. கலை வரலாறு நுண்கலைக் கல்லூரிகளில். முதுகலை, நெட், முனைவர் பட்டம் மூன்றும் காட்சிக்கலை என்ற ஒரே பெயரில் இருந்தால் நுண்கலைப் பக்கம் உங்களை யாரும் தடுக்க முடியாது. விஸ்காம் பக்கம் போக, திரைப்படம் குறித்து நீங்கள் வெளியிட்ட கட்டுரைகள் உதவும். புனே திரைப்படக் கல்லூரியும் ஆவணக் காப்பகமும் சேர்ந்து நடத்திவரும் திரைப்பட ரசனைப் பயிற்சிக்கும் ஒருமுறை போய்வாருங்கள்.

---

காடாத்துணி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு பொறுப்போடு யாரும் எனக்கு இதுவரை பதில் சொன்னதில்லை. காட்சிக்கலைத் தாளை எழுதி, டெல்லிக்கும் பரோடாவுக்கும் விண்ணப்பிக்க முடிவு செய்திருக்கிறேன். வெளிநாட்டு வாய்ப்பை அடுத்த ஆண்டு முயல்வேன். அண்ணன் சொன்ன கட்டணத் தள்ளுபடியைப் பற்றி அப்போது மறுபடியும் கேட்கிறேன்.

பெட்டகம் ஐயாவின் பதிலைப் படித்துவிட்டு நேற்று மாலை அப்பாவோடு பரணைத் திறந்தேன். ஒரு தகரப் பெட்டியில் நாற்பத்தொரு ஸ்டில்கள் இருந்தன. எல்லாவற்றின் மேலும் பென்சில் கட்டம். ஓரங்களில் பிசுபிசுத்த சாயக் கைரேகை. பின்பக்கத்தில் அப்பாவின் எழுத்தில் திரையரங்கின் பெயரும், துணியின் நீள அகலமும், வேலை முடிக்க வேண்டிய நாளும் இருக்கின்றன. சிலவற்றில் கட்டத்துக்கு வெளியே இருக்கும் ஆள்களின் மேல் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறார். யாரை விடுவது என்று யார் முடிவு செய்வார்கள் என்று கேட்டேன். பெரிய நடிகர் என்றால் விநியோகஸ்தர் சொல்லுவார், மற்றதெல்லாம் நான்தான் என்றார். ஒலிப்பதிவை ஓடவிட்டு, ஒன்றாம் எண் ஸ்டில்லிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். இரவு பதினொரு மணிக்கு ஆறாவது ஸ்டில்லில் நிறுத்தினோம். மீதியை ஞாயிற்றுக்கிழமை தொடர்வதாகச் சொல்லியிருக்கிறார்.